பின்தங்கிய குரோமோசோம்

இன்குபேட்டர் கதவைத் திறக்குமுன் புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்க்கிறாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. கதவின் உச்சியிலேயே வெப்பநிலை பச்சை எண்களில் எரிகிறது. அதை அவள் நம்பவில்லை என்று சொல்ல முடியாது. நம்புகிறாள், நம்பிவிட்டுத் தொட்டும் பார்க்கிறாள். உள்ளே வட்டத் தட்டுகளில், இளஞ்சிவப்புத் திரவத்துக்கு அடியில், வெறும் கண்ணுக்குத் தெரியாத செல்கள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி வளர்ந்துகொண்டிருக்கின்றன. ஒரு தட்டை எடுத்து, ததும்பும் கிண்ணத்தை ஏந்துவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி, நுண்ணோக்கி அறைக்கு நடக்கிறாள். எதிரே யாராவது வந்தால் சுவரோரம் ஒதுங்கி, "மெதுவா, மெதுவா" என்கிறாள். வந்தவர் நின்றுவிட்டாலும் சொல்கிறாள்.

அந்த மாடியில் அவளுக்கு மெதுவக்கா என்றுதான் பெயர். கதவைச் சாத்துபவரிடம் மெதுவா, நாற்காலியை இழுப்பவரிடம் மெதுவா. நுண்ணோக்கி இருக்கும் மேசைக்குக் காற்றுமெத்தை போட்டிருக்கிறது, பக்கத்தில் லாரி போனாலும் அசையாது என்று அதை விற்றவர்கள் சத்தியம் செய்திருக்கிறார்கள். இருந்தும் ஒருமுறை, தும்மப் போன ஒருவரைப் பார்த்து அவள் "மெதுவா" என்று சொல்லிவிட்டாள். அந்த மனிதர் தும்மலை அடக்கிக்கொண்டு, கண்ணில் நீர் தளும்ப, அறையை விட்டு வெளியே ஓடினார். பெயரைக் கேட்டால் அவளுக்குக் கோபம் வராது. "வேகமக்கான்னு கூப்பிட்டா செல்லு செத்துப் போயிரும்" என்பாள்.

நாற்பதைத் தாண்டியவள். அடியில் தடித்த ரப்பர் வைத்த ஷூ. கைப்பையில் ஒரு மாற்றுக் கண்ணாடி. அதுவும் உடைந்தால் என்று இன்னொன்று. "எதுக்கும் இருக்கட்டும்" என்பது அவள் வாயில் நாளெல்லாம் புழங்கும் சொல். வீட்டை விட்டுக் கிளம்புமுன் கேஸ் அடுப்பின் திருகுகளைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறாள், பேருந்தில் சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள. அவளுடைய போனில் மகளின் படங்களைவிட அடுப்பின் படங்கள் அதிகம். "அம்மா, அடுப்புக்குப் பிறந்தநாள் எப்போம்மா?" என்று பள்ளிக்கூடம் போகும் அந்தப் பெண் கேட்கிறாள்.

கணவர் மின்தூக்கி பழுது பார்ப்பவர். கட்டடம் கட்டடமாகப் போய், நடுவழியில் நின்றுபோன பெட்டிகளிலிருந்து மனிதர்களை வெளியே எடுப்பது அவர் பிழைப்பு. பயந்தவர்களோடு பேசிப் பேசி அவர் குரலே தணிந்துபோயிருக்கிறது. கல்யாணமான புதிதில், அவள் என்ன வேலை செய்கிறாள் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தபோது, அவளையே உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டார்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு உருண்டை இருக்குங்க. உட்கரு. அதுக்கு மேல ஒரு உறை. அதுக்குள்ளதான் குரோமோசோம் எல்லாம் நூல் மாதிரி பரவிக் கிடக்கும். உறையோட உள்பக்கத்துல சில புரதம் ஒட்டிக்கிட்டு, அந்த நூலை ஓரத்துல பிடிச்சு வெச்சிருக்கும்."

"துணி கொடியில கிளிப் போட்ட மாதிரி."

"அதேதான். செல்லு ரெண்டாகப் போறப்போ அந்த உறை கலைஞ்சிரும். புரதம் பிடியை விட்டுடும். விட்டாத்தான் நூலெல்லாம் இறுகிச் சுருண்டு கட்டையாகும். கட்டையானாத்தான் சமமா ரெண்டு பக்கம் பிரிச்சு எடுக்க முடியும்."

"விடலைன்னா?"

"அதைத்தான் பார்க்குறேன்."

அன்று முதல் சொந்தத்தில் யார் கேட்டாலும் அவர் சொல்வது இதுதான்: "விடாம பிடிச்சா என்ன ஆகும்னு பார்க்குற வேலை. மாமியார் இல்லாததால ஆபீஸ்ல போய் பார்க்குறா."

விடாமல் பிடிக்கும் புரதத்தை அவளுடைய குழு செய்தே விட்டது. உறையின் உள்பக்கம் இருக்கும் ஒரு புரதத்தில், செல் பிரியும் நேரம் வந்ததும் "விடு" என்ற சைகை போய் ஒட்டுகிற இடங்கள் சில உண்டு. அந்த இடங்களை மாற்றினார்கள். சைகை வந்தாலும் ஒட்டாது, புரதமும் விடாது. நுண்ணோக்கியில் தெரிவதற்காக அதனோடும், ஒப்பிடுவதற்கான மாற்றாத சாதாரணப் புரதத்தோடும் ஒளிரும் ஒரு துண்டைச் சேர்த்தார்கள். பிறகு வருஷக்கணக்காகப் படம் பிடித்தார்கள். படம் பிடித்தவன் சுருட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஓர் இளம் ஆராய்ச்சியாளன். பெயருக்கேற்ற முடி, எப்போதும் ஏதாவதொரு மெட்டை முணுமுணுக்கும் வாய். படம் பிடிப்பதற்கான முறையை வகுத்தவள், பிடித்ததைப் பார்த்துச் சரி சொன்னவள், மெதுவக்கா.

படத்தில் இரண்டு விஷயம் தெரிந்தது. விடாத புரதம் உள்ள செல்களில் குரோமோசோம்கள் சரியாக இறுகவில்லை. அடித்த பஞ்சுபோல உப்பி நின்றன. அதோடு, இரண்டு பக்கமும் பிரிந்து போகும்போது ஏதாவதொன்று நடுவழியில் பின்தங்கியது. எல்லாம் கரை சேர்ந்த பிறகும் ஒன்று மட்டும் நடு ஆற்றில் நிற்கும். குரோமோசோம் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்த செல்கள்தான் பல நோய்களுக்கு வித்து என்பதால், அவர்கள் கட்டுரை எழுதி அனுப்பிய ஆராய்ச்சிப் பத்திரிகைக்குப் பிடித்தது இந்த இரண்டாவது சேதிதான். கட்டுரையின் தலைப்பிலேயே அது ஏறியது. ஏற்றுக்கொண்டோம் என்று பத்திரிகை சொன்ன அன்று சுருட்டை மாடி முழுக்க இனிப்பு கொடுத்தான். கட்டுரையில் முதல் பெயர் அவனுடையது. அதை வைத்து வேறொரு ஊரில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. அவன் மனைவி பாதிச் சாமான்களைப் பெட்டியில் கட்டிவிட்டிருந்தாள்.

மெதுவக்காவும் ஓர் இனிப்பு எடுத்துக்கொண்டாள். தின்றுவிட்டு, "அந்தப் படங்களை எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துடறேன்" என்றாள்.

பழைய படங்களைப் பத்திரிகைக்காரர்கள் ஒருசேரக் கேட்டிருந்தார்கள். ஒழுங்குபடுத்தி அனுப்பினால் போதும். உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. அவள் உட்கார்ந்து பார்த்தாள். ஒவ்வொன்றையும் கடைசிவரை பார்த்தாள். ஒரு முற்பகலில், புரதத்தை மாற்றாத சாதாரணச் செல்களின் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்தது. அதில் எந்தக் கோளாறும் இருக்கக் கூடாது. குரோமோசோம்கள் நடுவில் வரிசை கட்டின. பிரிந்தன. ஒன்று பின்தங்கியது.

ஒரு செல்லில் அப்படி ஆகலாம். எந்த நல்ல குடும்பத்திலும் ஒரு பிள்ளை தாமதமாக எழும். அவள் படத்தைத் தள்ளிப் பார்த்தாள். இன்னொரு செல்லில் ஒன்று. அதே படத்தின் மூலையில் மற்றொன்று. அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று பார்த்தாள். வெளிச்சத்தின் அளவு மற்ற சாதாரணச் செல்களின் படங்களைவிடப் பல மடங்கு. சுருட்டை அன்று முன்னதாக வேறொரு தட்டைப் படம்பிடித்துவிட்டு, வெளிச்சத்தைக் குறைக்க மறந்திருக்கிறான்.

முன்னதாகப் பிடித்த தட்டு எது? விடாத புரதத்தின் தட்டு.

விடாத புரதம் மங்கலாகத்தான் ஒளிரும். அது தெளிவாகத் தெரியட்டும் என்று எப்போதுமே அந்தத் தட்டுகளுக்கு வெளிச்சத்தைக் கூட்டினார்கள். சாதாரணப் புரதம் பளிச்சென்று ஒளிர்ந்ததால் குறைந்த வெளிச்சம் போதுமாக இருந்தது. இரண்டு படங்களும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று முறை வகுத்தது அவள்தான். ஆனால் நுண்ணோக்கியின் வெளிச்சம் செல்லைக் காட்டுகிற அதே நேரத்தில் சுடவும் செய்யும். உச்சி வெயிலில் நிறுத்திவைத்தவன் தடுமாறினால் அது அவன் செருப்பின் குற்றமா, வெயிலின் குற்றமா? பின்தங்க வைத்தது புரதமா, வெளிச்சமா?

படத்தை நிறுத்தினாள். அறைக்கு வெளியே யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள். அவள் "மெதுவா" என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டாள். மகள் ஒரு வாய் வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா இன்னொரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். சாப்பாடு முடிந்து, காய்ந்த துணிகளை மடிக்கும்போது, "இன்னைக்கு யாரு உள்ள மாட்டிக்கிட்டா?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். சொல்லச் சொல்லச் சட்டையின் கைகளை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"ஒருவேளை ஒண்ணுமே இருக்காதுங்க. மூணே மூணு செல்லு."

"சரி."

"பத்திரிகையில யாரும் அந்தப் படத்தைப் பார்க்கப் போறதில்ல. நான் வாயை மூடிக்கிட்டா யாருக்கும் தெரியாது."

"அப்ப மூடிக்கோயேன்." அவர் போர்வையின் ஒரு முனையை அவளிடம் நீட்டினார். "உன்னால முடியுமா? அடுப்பையே மூடிட்டுப் போட்டோ எடுக்குறவ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. போர்வையை மடிக்க இரண்டு பேர் வேண்டும் என்பதால் இரண்டையும் ஒத்திவைத்தாள்.

மறுநாள் சுருட்டையை மாடிப்படியில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டிருந்த மெட்டு நின்றது.

"எத்தனை செல்லுக்கா?"

"மூணு. ஆனா ஒரே படத்துல."

"மூணு செல்லு." அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான். "போன வருஷம் ஞாபகம் இருக்கா? தட்டுல கிருமி புகுந்துருச்சுன்னு எல்லாத்தையும் கொட்ட வெச்சீங்க. கடைசில என்னது? லென்ஸ்ல தூசி. அதுக்கு முந்தி, தண்ணியில ஏதோ கலந்துருச்சுன்னீங்க. அதுவும் இல்ல. உங்களுக்குப் பயப்பட ஏதாவது ஒண்ணு வேணும்கா. இப்ப இது கிடைச்சிருக்கு."

அவன் சொன்னது பொய்யில்லை என்பதுதான் அவளை வாட்டியது. எப்போதும் அடிக்கிற மணிக்கு எவன் எழுந்து ஓடுவான்? இரவும் பகலும் உள்ளுக்குள் அடித்துக்கொண்டேயிருக்கும் அந்த மணி, இந்த முறை உண்மையாகவே தீப்பிடித்துத்தான் அடிக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. மற்றவர்கள் அவள் பயத்தைச் சந்தேகப்பட்டால் பொறுத்துக்கொள்வாள். அவளே அதைச் சந்தேகப்பட வேண்டியிருந்தது.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்க்கா" என்றான் அவன், சற்றுத் தணிந்து. அவனுக்கே தான் பேசியது அதிகம் என்று பட்டிருக்க வேண்டும்.

"நான் அரண்டவதான் தம்பி. அதனாலதான் என் கண்ணை நீ கட்டணும்."

"என்னது?"

"வெளிச்சமே படாத செல்லு வேணும். படமே பிடிக்க வேணாம். இருட்டுல வளர்த்து, பிரியுற நேரத்துல அப்படியே மருந்து ஊத்தி உறைய வெச்சு, அப்புறம் சாயம் போட்டுப் பார்க்கலாம். அப்ப வெளிச்சம் பட்டாலும் ஒண்ணும் ஆகாது, அதுங்கதான் அசையாதே. எந்தத் தட்டுல எந்தப் புரதம்னு எனக்குத் தெரியக் கூடாது. நீ மறைச்சுக் குடு. நான் பார்த்து எண்ணுறேன். விடாத புரதத்துல மட்டும் பின்தங்கினா, நான் உன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்குறேன்."

"விழ வேணாம்கா. முட்டி வலின்னு அதுக்கும் லீவு போடுவீங்க" என்றான். சிரிக்காமல்தான் சொன்னான். ஆனாலும் செய்வதாக ஒப்புக்கொண்டான்.

தட்டுகளின் அடிப்பக்கம் எழுதியிருந்ததன்மேல் கறுப்பு நாடாவை ஒட்டி மறைத்து, மூடிகளில் வேறு பெயர் எழுதிக் கொண்டுவந்து வைத்தான். ஒட்டகம், ஆமை, கோழி, குரங்கு. எதற்கு இப்படி என்று அவள் கேட்கவில்லை. கேட்டால், எண் போட்டிருந்தால் அதில் ஏதாவது ராசி கண்டுபிடித்துப் பயப்படுவீர்கள் என்று சொல்வான்.

நுண்ணோக்கி அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே நல்ல பகலாக இருந்தாலும் உள்ளே அமாவாசை. அவள் உட்கார்ந்து ஒட்டகத்தை வைத்தாள். உப்பிய குரோமோசோமைப் பார்த்துவிட்டால் எது விடாத புரதம் என்று தெரிந்துபோகும். தெரிந்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். ஆகவே குரோமோசோம்கள் பிரிந்து விலகுகிற கட்டத்தில் இருந்த செல்களை மட்டும் முதலில் எண்ணுவது, இறுகி வரிசையில் நிற்கும் கட்டத்தை நான்கு தட்டும் முடிந்த பிறகே பார்ப்பது என்று வைத்துக்கொண்டாள். நடுவில் அப்படி ஒரு செல் குறுக்கே வந்தால் பார்வையை விலக்கிக்கொண்டு கடந்தாள், தெருவில் தெரிந்தவரைப் பார்க்காததுபோல் போகிறவள் மாதிரி.

நீல நிறத்தில் சாயம் ஏறிய குரோமோசோம்கள். இரண்டு பிறைகளாக விலகி நின்றன. சுத்தம். அடுத்தது. சுத்தம். அடுத்தது. நடுவில் ஏதோ ஒன்று. தூசியா? இல்லை, பின்தங்கிய குரோமோசோம்தான். குறித்துக்கொண்டாள். ஆனால் இது ஒட்டகம். ஒட்டகம் எது? சாதாரணமா, விடாததா? பின்தங்கியதைப் பார்த்ததும் சந்தோஷப்பட வேண்டுமா, வருத்தப்பட வேண்டுமா? எந்தப் பக்கம் ஆசைப்படுவதென்றே தெரியாமல் ஒரு மனுஷி எத்தனை நேரம் உட்கார முடியும்? அவளுடைய ஆயுசில் முதல் தடவையாக, எதற்குப் பயப்படுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. பயம் போகவில்லை, போக்கிடம் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆமையிலும் எப்போதாவது ஒன்று. கோழியிலும் அப்படியே. குரங்கில் நெடுநேரம் ஒன்றுமில்லாமலிருந்து, கடைசியில் ஒன்று. அந்த நாட்களில் அவள் அடுப்பைப் படம் எடுக்க மறந்தாள். மகள்தான் எடுத்து அனுப்பினாள்.

எண்ணி முடித்து, உப்பலையும் அளந்து முடித்த பிறகு சுருட்டையைக் கூப்பிட்டாள். இருவரும் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். எது எது என்று உப்பலே அவளுக்குச் சொல்லியிருந்தது, ஆனாலும் நாடாவை உரித்துப் பார்த்துவிட வேண்டும். யார் உரிப்பது என்று ஒரு சின்னத் தயக்கம்.

"நீ உரி."

"நீங்களே உரிங்கக்கா. அப்புறம் நான் மாத்திட்டேன்னு உங்களுக்குத் தோணும்."

"தோணாது."

"தோணும். தோணாட்டி நீங்க மெதுவக்கா இல்ல."

அவள் உரித்தாள். நாடா கிழிந்து கிழிந்து வந்தது. ஒட்டகமும் கோழியும் விடாத புரதம். ஆமையும் குரங்கும் சாதாரணம்.

உப்பல் உண்மையாகவே இருந்தது. ஒட்டகத்திலும் கோழியிலும் குரோமோசோம்கள் கண்கூடாகப் பருத்திருந்தன. மற்ற இரண்டிலும் இறுகி ஒல்லியாக இருந்தன. உறைப் புரதம் பிடியை விடாவிட்டால் குரோமோசோம் சரியாக இறுகாது என்று அவர்கள் எழுதியது பொய்யில்லை. ஆனால் பின்தங்குவது நான்கு தட்டிலும் ஒரே மாதிரி, எப்போதாவது ஒன்று, உலகத்தில் எந்தச் செல்லிலும் நடப்பதுபோல. தலைப்பில் ஏறிய சேதி புரதம் செய்ததில்லை. வெளிச்சம் செய்தது.

சுருட்டை தட்டுகளை வரிசையாக வைத்தான். பிறகு வரிசையை மாற்றி வைத்தான். "பாதி நின்னுருச்சு" என்றான்.

"ஆமா."

"பாதி போயிருச்சு."

அவன் வெளியே போய்விட்டான். கதவை மெதுவாகத்தான் சாத்தினான். அறைந்து சாத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆராய்ச்சிக் குழுத் தலைவரின் அறை மாடியின் கோடியில். பெரிய மனிதர், வெளியூர்க் கூட்டமொன்றில் இதே கட்டுரையைப் பற்றிப் பேசத் தயார் செய்துகொண்டிருந்தார். சுவரில் அவர் பேச்சுக்கான படங்கள் ஒட்டியிருந்தன; எல்லாவற்றிலும் நடு ஆற்றில் நிற்கும் குரோமோசோம். அவள் கதவருகே நின்றே சொல்லி முடித்தாள். உட்கார்ந்தால் பாதியில் எழுந்து ஓட வசதியிருக்காது என்று தோன்றியது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது யார் யாருக்குத் தெரியும்?"

"இங்க மூணு பேருக்கு சார். உங்களையும் சேர்த்து."

கேட்டதும் அவருக்கே கூசியிருக்க வேண்டும். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். "அச்சுக்குப் போற நேரத்துல... இன்னும் கொஞ்சம் முன்னாடி பார்த்திருக்கக் கூடாதாம்மா?"

"பார்த்திருக்கணும் சார். ரெண்டு தட்டும் ஒரே மாதிரி தெரியட்டும்னு வெளிச்சத்தைக் கூட்டச் சொன்னது நான்தான். தம்பி நான் சொன்னபடி செஞ்சான், அவ்வளவுதான். பத்திரிகைக்கு எழுதும்போது அதையும் சேர்த்து எழுதணும்."

"எழுதினா உங்க பேரு கெடும்."

"கெடட்டும் சார். கெடுமோ கெடுமோன்னு பயந்துக்கிட்டு இருக்கறதுக்கு, கெட்டுப் போச்சுன்னா ஒரு வேலை முடிஞ்சது."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு நீளமாக ஒரு வாக்கியம் பேசி அவர் கேட்டதில்லை. எழுந்து சுவரிலிருந்த படங்களில் ஒன்றின் ஒட்டை நகத்தால் கிளப்பினார். அது லேசில் வரவில்லை. அவள் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். திருத்தி எழுதினார்கள். தலைப்பு ஒல்லியானது. பெரிய பத்திரிகை வேண்டாமென்றது. அதைவிடச் சின்னதொன்று, நிறையக் கேள்வி கேட்டுவிட்டு, எடுத்துக்கொண்டது. சுருட்டை நேர்முகத் தேர்வுக்குப் போய், கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். கேட்டவர்கள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்கள், கைகுலுக்கினார்கள், வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். கட்டிய பெட்டிகளை அவன் மனைவி பிரித்தாள். அந்தச் சமயத்தில் மெதுவக்கா ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தாள். பாத்திரங்களைப் பழைய தாளிலிருந்து எடுத்துக்கொண்டே அந்தப் பெண், "நீங்க செஞ்சது சரிதான்கா. ஆனா இன்னைக்கு உங்களுக்கு டீ போட எனக்கு மனசில்ல" என்றாள். "வேணாம்மா" என்று சொல்லிவிட்டு, தானும் உட்கார்ந்து பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வெகுநாள் சுருட்டை அவளோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. மாடியில் மெட்டு கேட்கவில்லை. வேறு ஊர் போய்விடுவான் என்றார்கள். அவள் உள்ளே அந்தப் பயத்தையும் மற்றவற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள், இடம் இருந்தது. கணவர் மட்டும் ஒருமுறை கேட்டார்: "லிஃப்ட்டுலேர்ந்து நான் வெளிய எடுத்தவங்க எல்லாரும் எனக்கு நன்றி சொல்லிட்டாப் போறாங்க? பாதிப் பேரு, ஏன்டா இவ்ளோ நேரம்னு திட்டிட்டுத்தான் போறாங்க."

அவன் போகவில்லை. உப்பிய குரோமோசோம் உண்மை என்றால், அது பிறகு என்ன ஆகிறது என்ற கேள்வி மிச்சமிருந்தது. பின்தங்க வைக்காவிட்டாலும் வேறு ஏதாவது செய்கிறதா? அதைப் பார்க்க வேண்டுமானால் செல்லைச் சுடாமல் படம் பிடிக்க வேண்டும். கண் சிமிட்டுவதுபோல வெளிச்சம் வந்து போகிற, சிமிட்டலுக்கும் சிமிட்டலுக்கும் நடுவே நெடுநேரம் இருட்டாக இருக்கிற ஒரு முறையை அவன்தான் சொன்னான். அவள் அதில் ஐம்பது குறை கண்டுபிடித்தாள். அவன் நாற்பதைச் சரிசெய்தான். மிச்சத்தை நினைத்துக்கொண்டு அவள் படுத்தாள்.

இப்போது அந்த முறையில் முதல் படம் ஓடுகிறது. ஜன்னலில்லாத அறையில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். எந்தத் தட்டு என்று இருவருக்கும் தெரியாது. திரை இருண்டு கிடக்கிறது, ஒரு சிமிட்டல், உட்கருவின் உறை கலைந்திருக்கிறது. இருள். சிமிட்டல். குரோமோசோம்கள் நடுவை நோக்கி நகர்ந்திருக்கின்றன. படம் மங்கல்தான். மங்கலானதில் மனம் வேண்டியதை வரைந்துகொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய விரல்கள் சேலை முனையைத் திருகிக்கொண்டிருக்கின்றன.

"வரிசையில நின்னுருச்சுக்கா" என்கிறான். "அடுத்த சிமிட்டல்ல பிரிஞ்சிரும்."

அந்த நொடிக்காகத்தான் அத்தனை மாதமும். முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோகிறாள், பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாக நிமிர்கிறாள்.

"நீ பாரு தம்பி. அரண்ட கண்ணுக்கு மங்கல்லயும் பேய்தான் தெரியும். பார்த்து முடிச்சப்புறம் சொல்லு" என்கிறாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் திருப்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள்.